வேதம் சொல்லும் இரக்கம்: வீட்டு ஜெபக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் நடக்கும் ஜெபக் கூட்டங்களில், இரக்கத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தாலே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. நான் போதகர் அல்ல, ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்க டீச்சர், இரக்கம்னா என்ன?

ஒரு வரி போதாது, ஒரு கதை வேண்டும். நாயீன் ஊர் வாசலில் ஒரு விதவையின் ஒரே மகனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் (லூக்கா 7). அவள் இயேசுவிடம் எதுவும் கேட்கவில்லை, அவரைப் பார்த்ததாகக்கூட எழுதப்படவில்லை. அவர்தான் பார்க்கிறார், மனதுருகுகிறார், "அழாதே" என்கிறார், கிட்டே போய்ப் பாடையைத் தொடுகிறார். பிணத்தைத் தொட்டவனுக்கு ஏழு நாள் தீட்டு என்று எண்ணாகமம் 19 சொல்லும் நாட்டில் நடந்தது இது.

மாற்கு 1இல் வரும் குஷ்டரோகியின் கதை இன்னும் கூர்மையானது. இயேசு மனதுருகி, கையை நீட்டி, தொட்டுச் சுகப்படுத்துகிறார். வாயை மூடிக்கொண்டிரு என்று சொல்லியும் அவன் ஊரெல்லாம் சொல்லிவிடுகிறான். அதனால் இயேசு பட்டணத்துக்குள் வெளிப்படையாகப் போக முடியாமல், வெளியே வனாந்தரமான இடங்களில் தங்குகிறார் என்று அந்த அதிகாரம் முடிகிறது. ஊருக்கு வெளியே இருந்தவன் உள்ளே போனான், உள்ளே இருந்தவர் வெளியே வந்தார்.

சுவிசேஷங்களில் "மனதுருகி" என்று வந்தால் அடுத்தே ஒரு செயல் வரும்: தொட்டார், உணவு கொடுத்தார், போதித்தார். பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவது அங்கே இல்லை. நான் கவனித்த வரையில் வேதத்தின் இரக்கம் இரங்கியவரின் கையிலிருந்து எதையாவது செலவழிக்க வைக்கும். அதை வைத்துத்தான் கீழே உள்ள கேள்விகளுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டில்தானே இரக்கம் வருகிறது?

இது நம் சபைகளில் வேரோடிப்போன எண்ணம். ஆனால் கடவுள் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். யாத்திராகமம் 34:6: "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமும் உள்ள தேவன்." இதைச் சொன்ன நேரம் முக்கியம். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டு, மோசே கற்பலகைகளை உடைத்துப்போட்டு, எல்லாம் நாசமாகிக் கிடந்த நேரம் அது.

இஸ்ரவேலர் இந்த வசனத்தை மறக்கவே இல்லை. எண்ணாகமம், நெகேமியா, யோவேல், சங்கீதங்கள் 86, 103, 145 என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். யோனா மட்டும் இதையே குற்றச்சாட்டாகச் சொல்கிறான். நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்கு முன்னமே தெரியும், அதனால்தான் நினிவேக்குப் போகாமல் ஓடிப்போனேன் என்கிறான் (யோனா 4:2). எதிரிக்கு இரக்கம் கிடைப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. நமக்கு மட்டும் பொறுக்குமா என்ன?

சரி, 34:7ஐயும் விட்டுவிடக் கூடாது. அக்கிரமத்தை மன்னிக்கிறவர் என்று சொன்ன அதே மூச்சில், குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்றும் வருகிறது. அதேபோல் புதிய ஏற்பாட்டில், பொய் சொன்னதால் விழுந்து செத்த அனனியா சப்பீராளின் முடிவும் உண்டு. இரண்டு ஏற்பாட்டிலும் இரண்டும் இருக்கின்றன.

நாங்க கூலி வேலைக்காரங்க. எங்களைப் பத்தி வேதத்துல ஏதாவது நேரா இருக்கா?

நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மலைக்கு அது அப்படியே பொருந்தும்.

ஜனவரி மாதம் விடியற்காலையில் கேத்திப் பள்ளத்தாக்கில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். தகரக் கூரை வீட்டில் படுத்தவர்களுக்குக் கம்பளியின் அருமை தெரியும். யாத்திராகமம் 22:26, 27 இந்தக் குளிரைத்தான் பேசுகிறது. ஏழை ஒருவனுக்குக் கடன் கொடுத்து அவன் மேல்வஸ்திரத்தை அடகாக வாங்கினால், பொழுது போவதற்கு முன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காரணத்தையும் சொல்கிறார்: அவன் போர்வை அதுதானே, வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான்? அவன் என்னை நோக்கி முறையிட்டால் நான் கேட்பேன், "நான் இரக்கமுள்ளவராயிருக்கிறேன்." மலை உச்சியில் மோசேக்குச் சொல்லப்பட்ட அந்தப் பெரிய வார்த்தை, ஒரு ஏழையின் போர்வைக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.

உபாகமம் 24 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அடகுப் பொருளை எடுக்கக் கடன்காரன் வீட்டுக்குள் நீ நுழையாதே, வெளியே நில், அவனே எடுத்துக்கொண்டு வந்து தரட்டும் என்கிறது. மாவரைக்கும் கல்லை அடகு வாங்கக் கூடாது, அது அவன் ஜீவன். கூலியை அன்றன்றே கொடுத்துவிடு, சூரியன் அஸ்தமிக்கும்வரை வைத்திருக்காதே. குழுக் கடன் வசூலுக்கு வந்து வாசலைத் தாண்டி உள்ளே உட்கார்ந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு "வெளியே நில்" என்ற அந்த ஒரு சொல்லின் கனம் புரியும். வாங்கிய கடன் உண்மைதான். ஆனாலும் கடன்பட்டவன் வீட்டு வாசற்படிக்கு ஒரு மரியாதை உண்டு என்கிறது வேதம்.

இந்தச் சட்டம் மீறப்பட்டதற்கும் சாட்சி இருக்கிறது. அடகாக வாங்கிய வஸ்திரங்களை விரித்துப் பலிபீடங்களுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள் என்று ஆமோஸ் 2:8 சாடுகிறது. அப்புறம், 1960இல் இஸ்ரேல் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கோட்டையைத் தோண்டியபோது எபிரெய எழுத்துள்ள ஒரு மண்பாண்ட ஓடு கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அறுவடைக் கூலியாள் ஒருவர் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. நான் என் வேலையை முடித்துவிட்டேன், ஆனாலும் என் வஸ்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், கூட அறுத்தவர்கள் எனக்குச் சாட்சி சொல்வார்கள், என் வஸ்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்கிறார். கொழுந்து எடை போடும் இடத்தில் சண்டை போட்ட யாருக்கும் அந்தக் குரல் புதிதல்ல.

கிறிஸ்துமஸுக்கு சபையில் பழைய துணி சேகரிக்கிறோமே, அது இரக்கம்தானே?

ஜிப் போன ஸ்வெட்டரையும், ஒற்றைக் கால் சாக்ஸையும் மூட்டையில் திணித்தால், அது நம் பீரோவுக்குச் செய்த உபகாரம். யாக்கோபு 2:16இல் ஒருவன் வஸ்திரமில்லாதவனைப் பார்த்து, "நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறான். போர்த்திக்கொள்ள முடியாத கம்பளியைக் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

நல்ல துணியாகவே கொடுத்தாலும், கம்பளியின் ஒரு முனையை நாமும் மறுமுனையை ஒரு பாட்டியும் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். தர்மம் செய்யும்போது உனக்கு முன்னால் தாரை ஊதாதே என்றார் இயேசு (மத்தேயு 6:2). இன்றைக்குத் தாரை எல்லார் கையிலும் இருக்கிறது, ஸ்டேட்டஸ் என்ற பெயரில்.

நல்ல சமாரியன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதில் புதிதாக என்ன இருக்கிறது?

கள்ளர் கையில் அடிபட்டு எருசலேம்–எரிகோ வழியில் கிடந்தவனை, ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக, யூதர் பகைத்த ஒரு சமாரியன் காப்பாற்றுகிறான். தெரிந்த கதைதான், அதனாலேயே பாதியைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலில் பாதை. எருசலேம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர், எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சத்தில் ஆயிரம் மீட்டர் இறக்கம், வழியெல்லாம் வறண்ட பாறை. குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மரமும் தண்ணீரும் பஸ்ஸும் இல்லாத காட் ரோடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவில் வண்டியை நிறுத்துவதற்கே யோசிப்போம்.

அடுத்தது ஆள். லூக்கா 10இல் இந்தக் கதை வருகிறது. அதற்கு ஒரு அதிகாரம் முன்னால், லூக்கா 9இல், சமாரியர் கிராமம் ஒன்று இயேசுவுக்குத் தங்க இடம் கொடுக்க மறுத்துவிட்டது. யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிவிடலாமா என்று கேட்டார்கள். அவர்களை அதட்டிவிட்டு வந்தவர், கொஞ்ச நாளில் ஒரு சமாரியனையே கதாநாயகனாக்கி ஒரு கதை சொல்கிறார். கெரிசீம் மலையிலிருந்த சமாரியர் ஆலயத்தை யூத ஆட்சியாளன் இடித்துத் தள்ளி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தும் பகை ஆறாத காலம் அது. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டோம் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோமே, அந்த வீட்டுக்காரர் நம்மைத் தூக்கிவிடுகிறார் என்று படித்துப் பாருங்கள். ஜாதி பார்க்கும் சபையில் இந்தக் கதையைச் சத்தமாக வாசிக்கவே கூச்சமாக இருக்கும், இருக்கவும் வேண்டும்.

கடைசியில் கணக்கு. எண்ணெய், திராட்சரசம், சொந்த வாகனத்தில் இடம், ஒரு இரவு முழுக்கப் பராமரிப்பு. மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம். திராட்சத்தோட்டக் கூலியாட்களின் கதையில் (மத்தேயு 20) ஒரு பணம் ஒரு நாள் கூலி. ஆக, முகம் தெரியாதவனுக்காக இரண்டு நாள் கூலி போயிற்று. அதோடு நிற்கவில்லை. அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று கணக்கைத் திறந்தே வைத்துவிட்டுப் போகிறான். எனக்கு அந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். திரும்பி வருவேன் என்கிறவனை நம்புகிற சத்திரக்காரனையும் பிடிக்கும், அவனைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை.

ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்றார். நடக்கிற காரியமா?

எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்ட கேள்விக்கு இயேசு ஒரு கடன் கதையைத்தான் பதிலாகச் சொன்னார் (மத்தேயு 18). ராஜாவிடம் ஒருவன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து சுமார் 6000 நாள் கூலி, ஆக மொத்தம் ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் இரண்டு லட்சம் வருஷம் உழைக்க வேண்டும். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். அந்த ஆள் கேட்டதோ தவணைதான்: "என்னிடத்தில் பொறுமையாயிரும்." ராஜா கொடுத்தது முழுத் தள்ளுபடி.

வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவன் தொண்டையை நெரிக்கிறான். நூறு நாள் கூலி சின்னத் தொகை அல்ல. நம்மில் ஒருவரிடமிருந்து நாலு மாதச் சம்பளத்தை ஒருவர் ஏமாற்றினால் தூக்கம் வருமா? உனக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்றுமே இல்லை என்று இந்தக் கதை சொல்லவில்லை. அது நிஜமான நூறு, ஆனால் ஆறு கோடி தள்ளுபடியான பிறகு பார்க்கிற நூறு.

ஒரு தடவை சொல்லி முடித்துவிடுகிற காரியமும் அல்ல மன்னிப்பு. பங்காளிச் சண்டையில் போன நிலத்தை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கும். ஏழெழுபது என்ற கணக்கு அதற்கே சரியாகப் போய்விடும் என்று நினைக்கிறேன்.

அப்படின்னா குடிச்சிட்டு அடிக்கிற புருஷனையும் பொறுத்துக்கிட்டே இருக்கணுமா அக்கா?

வேண்டாம். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, செருப்பு போடுகிற சாக்கில் நின்று கேட்கப்படும் கேள்வி இது. அதனால் நேராகவே சொல்கிறேன்.

தாவீதைப் பாருங்கள். சவுல் ஈட்டியால் குத்த வந்தபோது தாவீது விலகினான், அன்று இரவே தப்பி ஓடினான் (1 சாமுவேல் 19). பின்னால் என்கேதிக் குகையில் சவுல் அவன் கைக்குள் வந்தும் கொல்லாமல் விட்டான், மன்னித்தான். ஆனால் அரண்மனைக்குத் திரும்பிப் போய் ஈட்டிக்கு முன்னால் உட்காரவில்லை. சவுல் அழுது, நீ என்னிலும் நீதிமான் என்று சொன்ன பிறகும் போகவில்லை. மன்னிப்பது வேறு, அடிவாங்கும் இடத்தில் இருப்பது வேறு.

ஒடுக்கப்படுகிறவனுக்கு இரங்குகிற ராஜா, ஒடுக்குகிறவனை நொறுக்குவார் என்றும் சங்கீதம் 72:4 சொல்கிறது. பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டுக்குப் போங்கள். 181 பெண்கள் உதவி எண், இரவிலும் பேசலாம். "ஜெபம் பண்ணிக்கொண்டு பொறுத்துக்கொள்" என்று அறிவுரை சொல்கிறவர்கள் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுச் சொல்லட்டும்.

வெளியூர்க்காரர்களுக்கும் இரங்க வேண்டுமா? வேலையெல்லாம் அவர்களுக்கே போகிறதே.

வடக்கிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களைச் சொல்கிறீர்கள். நாம் எங்கிருந்து வந்தோம் என்று ஒரு நிமிஷம் யோசிப்போம். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டது. அப்படிக் கப்பலேறி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனை இந்த மலையில்! அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கப்பட்டது. எங்கள் வீட்டிலும் மண்டபம் முகாம் கதை உண்டு. "சிலோன்காரன்" என்று கடையில் சொல்லப்பட்டதும் உண்டு.

லேவியராகமம் 19:34 அதே ஞாபகத்தைத்தான் தொடுகிறது. உங்களோடு தங்கும் அந்நியனைச் சுதேசியைப் போல எண்ணு, உன்னைப்போல அவனிலும் அன்புகூரு, "நீங்களும் எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்தீர்களே." இதே அதிகாரத்தில்தான் வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல், சிந்திய கதிரைப் பொறுக்காமல், எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது. அப்படி விடப்பட்ட கதிரைப் பொறுக்க வந்த மோவாபியப் பெண் ரூத். அவள் மகனின் பேரன் தாவீது.

கூலி குறைவது உண்மையான பிரச்சினை. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் கூலி கொடுக்கிறவரிடம்.

இரக்கம் காட்டினால்தான் இரக்கம் கிடைக்குமா? அது கொடுக்கல் வாங்கல் மாதிரி இருக்கிறதே.

"இரக்கமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் இரக்கம்பெறுவார்கள்" (மத்தேயு 5:7) என்பதை மட்டும் படித்தால் அப்படித் தோன்றும். மத்தேயு 18இல் வரிசையைப் பாருங்கள்: ராஜாவின் தள்ளுபடி முதலில், அவன் செய்ய வேண்டியது பிறகு. தீத்து 3:5உம் நம் கிரியைகளின்படி அல்ல, தமது இரக்கத்தின்படியே இரட்சித்தார் என்கிறது. ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன் கொடுக்கிறான் என்று நீதிமொழிகள் 19:17 சொல்வது மட்டும் எனக்கு எப்போதும் வியப்பு. நம்மிடம் கடன் வாங்கத் தயாராக இருக்கிற கடவுள்!

மிருகங்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்துத்தான் (யாத்திராகமம் 23:12). உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், அவனோடு சேர்ந்து தூக்கிவிடு என்கிறது அதே அதிகாரம். நினிவேயில் அநேக மிருகஜீவன்களும் இருக்கின்றனவே என்றுதான் யோனா புத்தகத்தின் கடைசி வார்த்தைகள். கேரட் பாத்தியைக் காட்டுமாடு மிதித்துவிட்டுப் போன காலையில் இது எளிதில்லைதான். விரட்டுங்கள். கம்பியில் கரண்ட் கொடுக்காதீர்கள்.

கத்தோலிக்கர்களுக்கும் நமக்கும் இதில் வித்தியாசம் உண்டா?

அடிப்படையில் இல்லை. அவர்கள் திருப்பலியில் "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்பார்கள், நாம் ஆராதனையில் "எங்களுக்கு இரங்கும்" என்போம். எரிகோ வழியோரத்தில் பர்திமேயு போட்ட கூச்சலும் அதுதான். மத்தேயு 25இல் வரும் ஆறு காரியங்களோடு (பசி, தாகம், அந்நியன், வஸ்திரம், நோய், சிறை) இறந்தவரை அடக்கம் செய்வதையும் சேர்த்து ஏழு இரக்கச் செயல்கள் என்று எண்ணுவது அவர்கள் மரபு. அந்த ஏழாவதற்கு நம் வேதாகமத்தில் இல்லாத தோபித்து நூல் ஆதாரம். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறை இறை இரக்க ஞாயிறு என்று 2000இல் இரண்டாம் ஜான் பால் அறிவித்தார்.

இரங்கும், இரங்கும்னு கத்தினோம். மண்ணு சரிஞ்சு வீடு போயிடுச்சே. அப்போ எங்க இருந்தார்?

2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. என்னிடம் விளக்கம் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். "தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?" என்று சங்கீதம் 77 கேட்கிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

"அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று காலண்டரில் அச்சடித்து மாட்டுகிறோமே, அது புலம்பல் 3இல், எரிந்து கிடக்கும் எருசலேமின் நடுவில் நின்று சொன்னது. முன்னும் பின்னும் அழுகை. வீடு போனவரிடம் அந்த வசனத்தை முதல் நாளே சொல்லாதீர்கள். சோறு கொண்டுபோங்கள், கூட உட்காருங்கள். யோபின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள்.

வீட்டில் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்?

சங்கீதம் 103, பிறகு யோனா நாலு அதிகாரம், பிறகு லூக்கா 10, 15. நேரமே இல்லை என்கிறவர்கள் பிலேமோன் நிருபத்தை எடுங்கள். 25 வசனம், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். எஜமானை விட்டுப் போன ஒநேசிமு என்ற அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி, சிறையிலிருந்து பவுல் எழுதியது. 18ஆம் வசனத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். அடுத்த வசனத்தில், இதை நானே என் சொந்தக் கையால் எழுதுகிறேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று கையெழுத்தும் போடுகிறார்.